பக்கத்து வீட்டு யூனிட்டும் உங்கள் போர் மோட்டாரும்

கேள்வி: நாங்க பெருந்துறை பக்கம் ஒரு சைட்டுல குடியிருக்கறோங்க. மொத்தம் 22 வீடு. சங்கத்துல புதுசா ஒரு வழக்கம். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா எல்லா வீட்டு கரண்ட் யூனிட்டையும் பேரோட ஒரே தாள்ல போட்டு வாட்ஸ்ஆப்புல அனுப்பறாங்க. சராசரிக்கு மேல இருந்தா சிவப்பு, கீழ இருந்தா பச்சை. வெளிநாட்டுல கரண்ட் கம்பெனியே இப்படித்தான் பண்றாங்கன்னு சொல்றாங்க. சித்திரை, வைகாசி கணக்குல சராசரி 380, எங்க வீடு 640. நாலு பேரு இருக்கறோம். வீடு கட்டி 14 வருசம் ஆச்சு. ஒரு டன் ஏசி ஒண்ணு மாமியார் ரூம்புல இருக்குது. ஹீட்டர், பிரிட்ஜ், கிரைண்டர், ஆறு வருசத்து இன்வெர்ட்டர் இருக்குது. மத்தவங்களுக்குத் தண்ணி சங்கத்து போர்ல இருந்து வருது. எங்களுக்குத் தனி போர், 650 அடி, ஒன்றரை எச்பி மோட்டார். முன்னெல்லாம் ஆயிரம் லிட்டர் டேங்க் 40 நிமிசத்துல நெம்பிரும், இப்ப ஒன்றரை மணி நேரம் ஓடுது. ராத்திரி எல்லாத்தையும் அமத்துனாலும் மீட்டர்ல சிவப்பு லைட்டு விட்டு விட்டு எரியுது. மீட்டர் வேகமா ஓடுதுங்களா? பக்கத்துல கொழுந்தனார் வீடு கட்டும்போது எங்க வீட்டுல இருந்துதான் லைன் எடுத்து வேலை பார்த்தாங்க. இப்ப அவங்களுக்குத் தனி சர்வீஸ் வந்திருச்சு. வீட்டுக்காரரு ஏசியை நிறுத்தச் சொல்றாரு. மாமியாருக்கு 74 வயசு. என்ன பண்ணட்டுங்க?

பதில்: மீட்டரை மாற்றுவதையும் ஏசியை நிறுத்துவதையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பார்க்க வேண்டிய இரண்டு இடங்களை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒன்று போர் மோட்டார், இன்னொன்று கொழுந்தனார் வீட்டுக்கு இழுத்த லைன்.

முதலில் அந்தத் தாளைப் பற்றி. உங்கள் 640-ல் தண்ணீர் இறைத்த கரண்டும் சேர்ந்திருக்கிறது. மற்றவர்களின் 380-ல் அது இல்லை, சங்கத்தின் பொது இணைப்பில் ஓடுகிறது. அந்த யூனிட்டை வீடுவீடாகப் பிரித்துச் சேர்த்தால்தான் இரண்டும் ஒரே கணக்காகும். மாடிக்கும் கீழுக்கும் தனித்தனி சர்வீஸ் வைத்திருப்பவர், கூரையில் சோலார் போட்டிருப்பவர், பள்ளி லீவுக்கு ஒரு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனவர் எல்லோருமே தாளில் பச்சையாகத்தான் தெரிவார்கள்.

யூனிட்டை விட ரூபாயில்தான் அடி பலமாக விழும். 2024 ஜூலையில் அமலான வீட்டு இணைப்புக் கட்டணப்படி 380 யூனிட்டுக்கு 1,081 ரூபாய், 640 யூனிட்டுக்கு 3,258 ரூபாய். யூனிட் ஒன்றே முக்கால் மடங்குகூட இல்லை, பணம் மூன்று மடங்கு. காரணம் 500 என்ற கோடு. 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய்தான். 501 ஆகிவிட்டால் அந்த நூறு யூனிட்டுக்கும் 4.70 போடுவார்கள். சரியாக 500 யூனிட்டுக்கு 1,805, 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் சொச்சம். அந்த ஒரே யூனிட்டின் விலை 243 ரூபாய். கட்டணம் மாறினால் தொகையும் மாறும். உங்கள் கையில் இருக்கும் பில்லை வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆக, நீங்கள் குறிவைக்க வேண்டியது சங்கத்தின் 380 அல்ல, 500. குறைக்க வேண்டியது 140 யூனிட். அது முடிகிற காரியம்தான்.

இனி போர். ஒன்றரை எச்பி சப்மெர்சிபிள் மோட்டார் ஓடும்போது 1.6 முதல் 1.8 கிலோவாட் வரை இழுக்கும். 1.7 என்று வைத்துக்கொண்டால் 40 நிமிடத்துக்கு 1.13 யூனிட், ஒன்றரை மணி நேரத்துக்கு 2.55 யூனிட். அதே ஆயிரம் லிட்டருக்குத் தினமும் 1.4 யூனிட் கூடுதலாகப் போகிறது. இரண்டு மாதத்தில் 85 யூனிட். சம்பிலிருந்து மாடி டேங்குக்கு ஏற்ற இதே ஆயிரம் லிட்டருக்குப் பத்தில் ஒரு யூனிட் போதும். பக்கத்து வீட்டோடு உங்களை ஒப்பிடுவது ஏன் பொருந்தாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

நேரம் ஏன் கூடுகிறது என்று தெரியாமல் மோட்டாரைத் தூக்கச் சொல்லாதீர்கள். தூக்குகூலி வீணாகும். மேலேயே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. டேங்கில் தண்ணீர் விழும் பைப்புக்குக் கீழே 20 லிட்டர் பக்கெட்டை வைத்து, மோட்டார் போட்ட ஐந்தாவது நிமிடத்தில் ஒரு முறையும் முப்பதாவது நிமிடத்தில் ஒரு முறையும் நிறையும் நேரத்தைப் பாருங்கள். பழைய வேகத்தில் 48 விநாடி ஆகியிருக்க வேண்டும். இப்போதைய சராசரிக்கு 108 விநாடி வரும். முதலில் 50 விநாடியில் நிறைந்து, பிறகு காற்றும் தண்ணீருமாகத் துப்பினால் மோட்டாரில் குறையில்லை, போரில் ஊற்று குறைந்திருக்கிறது. காலையில் 40 நிமிடம், சாயங்காலம் 40 நிமிடம் என்று பிரித்து ஓட்டுங்கள். தண்ணீரில்லாமல் ஓடினால் தானே நிறுத்தும் டிரை ரன் ப்ரிவென்டர் ஒன்றைப் பேனலில் மாட்டிவிடுங்கள். இரண்டு முறையும் ஒரே மாதிரி 100 விநாடிக்கு மேல் ஆனால் குறை பைப்பிலோ பம்பிலோ இருக்கிறது.

அதையும் பிரித்துப் பார்க்கலாம். சுவிட்சைப் போட்டதிலிருந்து டேங்கில் முதல் தண்ணீர் விழும்வரை கடிகாரத்தைப் பாருங்கள். அடியில் இருக்கும் என்.ஆர்.வி. வால்வு (ஏறிய தண்ணீரைத் திரும்ப இறங்க விடாதது) சரியாக இருந்தால் பைப் எப்போதும் நிறைந்தே நிற்கும், சில விநாடிகளில் தண்ணீர் வரும். மூன்று நான்கு நிமிடம் ஆனால், நிறுத்திய பிறகு தண்ணீர் பைப்பிலிருந்து கீழே இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். வால்வு போயிருந்தால் போரின் நீர்மட்டம்வரை இறங்கும். நடுவில் பைப்போ ஜாயிண்ட்டோ விட்டிருந்தால் அந்த இடம்வரை மட்டும் இறங்கும். ஆகவே ஒரு நிமிடத்துக்குள் வந்தால் ஓட்டை மேலாகவே இருக்கும், நாலு நிமிடம் ஆனால் ஆழத்தில். மோட்டார் ஓடும்போது போர் மூடியில் காதை வைத்துக் கேளுங்கள். உள்ளே தண்ணீர் சலசலவென்று விழும் சத்தம் கேட்டால் பைப்தான். உப்புத் தண்ணீர்ப் போரில் ஜி.ஐ. பைப்பின் மரை அரித்துப்போகும், யூபிவிசி பைப்பில் ரப்பர் ரிங் தேயும்.

ஸ்டார்ட்டர் பேனலில் இருக்கும் ஆம்பியர் முள்ளையும் பாருங்கள். மோட்டாரின் பெயர்ப்பலகையில் போட்ட ஆம்பியருக்குப் பக்கத்தில் நின்று, தண்ணீர் மட்டும் பாதியாகியிருந்தால் பெரும்பாலும் கசிவு. ஆம்பியர் நன்றாகக் குறைந்து தண்ணீரும் குறைந்திருந்தால் நீர்மட்டம் இறங்கியிருக்கும், அல்லது மணல் தின்று இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) தேய்ந்திருக்கும். பெயர்ப்பலகையைத் தாண்டிப் போய் உறுமலும் கேட்டால் பேரிங், கெப்பாசிட்டர், குறைந்த வோல்டேஜ் இந்த மூன்றில் ஒன்று. வோல்ட் முள் 210-க்குக் கீழே இருக்கும் நேரத்தில் மோட்டாரைப் போடவே வேண்டாம்.

தூக்குகிறபோது ஒரே ஒரு ஜாயிண்ட்டை மட்டும் ஒட்டிவிட்டு இறக்க விடாதீர்கள். எல்லா ரப்பர் ரிங்கையும் மாற்றச் சொல்லுங்கள், என்.ஆர்.வி.யைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், நடுவில் இன்னொரு என்.ஆர்.வி. வைப்பதும் நல்லது. எத்தனை பைப் இறங்கியது, நீர்மட்டம் எத்தனை அடி என்பதைப் பேனல் கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள். கரண்ட் செலவைத் தீர்மானிப்பது போரின் 650 அடி அல்ல, நீர்மட்டத்திலிருந்து டேங்க் வரை உள்ள உயரம். மோட்டாரை இன்னும் ஆழத்தில் இறக்கினால் செலவு கூடிவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நீர்மட்டம் இறங்காதவரை அது பெரிதாகக் கூடாது.

அடுத்து, மீட்டரின் சிவப்பு விளக்கு. அது விட்டு விட்டு எரிவது கோளாறு அல்ல, கரண்ட் ஓடுவதன் கணக்கு. மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் 3200 அல்லது 1600. 3200 என்றால், ஒரு மினுக்குக்கும் அடுத்த மினுக்குக்கும் இடையே உள்ள விநாடியால் 1125-ஐ வகுத்தால் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் கிடைக்கும். 1600 என்றால் 2250-ஐ வகுக்க வேண்டும். ஒரே இடைவெளியை நம்பாமல் பத்து இடைவெளியைப் பார்த்துச் சராசரி எடுங்கள்.

இதை வைத்து வீட்டின் தூங்கும் கரண்ட்டைப் பிடியுங்கள். பகலில் ஒருமுறை மின்விசிறி, விளக்கு, டிவி, ஏசி எல்லாவற்றையும் நிறுத்தி, பிரிட்ஜ் பிளக்கையும் கழற்றிவிட்டு எண்ணுங்கள். 30 விநாடிக்கு ஒரு மினுக்கு வந்தால் 37 வாட், அது இயல்பு. 9 விநாடிக்கு ஒன்று வந்தால் 125 வாட். யாரும் எதையும் உபயோகிக்காமலே இரண்டு மாதத்தில் 180 யூனிட் போகிறது. ஒரு சூத்திரம் நினைவில் இருக்கட்டும்: இருபத்து நாலு மணி நேரமும் ஓடும் ஒவ்வொரு 7 வாட்டும் இரண்டு மாதத்தில் 10 யூனிட். ரிமோட்டில் மட்டும் அமர்த்திய செட்டாப் பாக்ஸ் 10 வாட் இழுத்தால் 14 யூனிட்.

உங்கள் வீட்டில் இன்வெர்ட்டரின் மேல்தான் சந்தேகப்படுவேன். ஆறு வருட பேட்டரியில் ஒரு செல் போனாலும் அது நிறையவே நிறையாது, சார்ஜர் நிற்காமல் ஊட்டிக்கொண்டே இருக்கும். கரண்ட் போகாத நாளிலும் பேட்டரி வெதுவெதுப்பாக இருக்கிறதா, டிஸ்டில்டு வாட்டர் மாதம் தவறாமல் கேட்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் பேட்டரி முடிந்தது. இன்வெர்ட்டரை மெயினிலிருந்து கழற்றி மினுக்கை மறுபடி எண்ணினால் எத்தனை வாட் குறைகிறது என்பது கையோடு தெரிந்துவிடும்.

இனி கொழுந்தனார் வீட்டு லைன். நம் வீட்டு ஸ்டாட்டிக் மீட்டர் (சக்கரம் சுழலாத எலக்ட்ரானிக் மீட்டர்) பேஸ் வழியாகப் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரல் வழியாகத் திரும்பும் மின்னோட்டத்தையும் தனித்தனியே அளந்து, எது அதிகமோ அதற்குக் கணக்குப் போடும். திருட்டைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. ஆனால் இரண்டு வீட்டு நியூட்ரல் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அடுத்த வீட்டுக்காரரின் கரண்ட் ஒரு பங்கு உங்கள் மீட்டர் வழியாகத் திரும்பும், பணம் உங்கள் கணக்கில் ஏறும். வீடு கட்டும்போது இழுத்த லைனில் பேஸை மட்டும் கழற்றிவிட்டு நியூட்ரலை அப்படியே விட்டுவிடுவது வயர்மேன்கள் சாதாரணமாகச் செய்கிற தப்பு. இதில் யாரும் திருடவில்லை, உறவுக்குள் பேச்சு வரும் முன் சோதித்துவிடுங்கள்.

மெயின் சுவிட்ச் ஆனில் இருக்கட்டும். டிபி போர்டில் (வீட்டு லைன்கள் பிரியும் பெட்டி) உள்ள எம்சிபி சுவிட்சுகள் எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள். இன்வெர்ட்டரையும் அமர்த்துங்கள். கொழுந்தனார் வீட்டில் ஹீட்டரைப் போடச் சொல்லுங்கள். உங்கள் மீட்டர் அப்போதும் மினுக்கினால், அல்லது இ.எல். (எர்த் லோடு) என்று குறியிட்ட விளக்கு எரிந்தால், அவர்கள் கரண்ட் உங்கள் நியூட்ரலில் வருகிறது. பேஸ், நியூட்ரல் இரண்டையும் பிரிக்கும் மெயினை அமர்த்தினதும் மினுக்கு நின்றால் அது உறுதி. லைசென்ஸ் உள்ள வயர்மேனை அழைத்துப் பழைய லைனை இரண்டு முனையிலும் கழற்றச் சொல்லுங்கள். நீங்களே போர்டைத் திறக்காதீர்கள்: பேஸ் இல்லாவிட்டாலும் அந்த நியூட்ரல் ஷாக் அடிக்கும். மெயினை அமர்த்திய பிறகும் மினுக்கினால் குறை மெயினுக்கு முன்னால் இருக்கிறது. அதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில்தான் சொல்ல வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: வேலை செய்யும் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) இருக்கும் வீட்டில் இந்தக் கலப்படம் நடந்தால் அது உடனே விழுந்துவிடும். "அடிக்கடி டிரிப் ஆகுது" என்று யாராவது அதை பைபாஸ் செய்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். 14 வருட வீட்டில் ஆர்சிசிபி இல்லவே இல்லை என்றால் இந்தச் சாக்கில் ஒன்று வைத்துவிடுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தால் மட்டும் மீட்டர் சோதனைக்குப் போங்கள். பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் வாரியத்தின் எம்.ஆர்.டி. என்ற மீட்டர் சோதனைப் பிரிவில் சோதிப்பார்கள். ஸ்டாட்டிக் மீட்டர் 640-க்கும் 380-க்கும் உள்ள வித்தியாசம் அளவுக்கு வேகமாக ஓடுவது மிக அபூர்வம்.

மற்ற சாமான்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கிரைண்டர் மேல் பழி போடாதீர்கள்: இரண்டு லிட்டர் டேபிள் டாப் 150 வாட், முக்கால் மணி நேரம் ஆட்டினாலும் பத்தில் ஒரு யூனிட்தான். ஹீட்டர் காயிலில் உப்பு படிந்தால் கரண்ட் அதிகம் ஆகும் என்பார்கள். உண்மையில் சூடு முழுக்கத் தண்ணீருக்குத்தான் போகிறது, காயில்தான் கருகும். குளித்த பிறகு ஹீட்டரை நிறுத்தினால் போதும். பிரிட்ஜ் கதவில் ஒரு தாளைச் செருகி மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பரை மாற்றுங்கள். பழைய மின்விசிறி 75 வாட், பிஎல்டிசி விசிறி 30 வாட் சுமார். தினம் 12 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கு இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். அதிகம் ஓடும் இரண்டை மட்டும் மாற்றுங்கள், எல்லாவற்றையும் மாற்ற அவசரமில்லை.

வெளிநாட்டு வழக்கம் என்று சொன்னார்களே, அதன் முழுக் கதையையும் சங்கத்தாருக்குச் சொல்லுங்கள். கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகர மின் நிறுவனம் 2008-ல் ஓபவர் என்ற நிறுவனத்தை வைத்து இப்படி ஒப்பீட்டு அறிக்கை அனுப்பத் தொடங்கியது. அருகில் இருக்கும், பரப்பளவு ஒத்த நூறு வீடுகளோடு மட்டுமே அதில் ஒப்பிடுவார்கள். அடுத்தவர் பெயர் வராது. ஆறு லட்சம் வீடுகளை வைத்து 2011-ல் வெளியான, பொருளாதார ஆய்வாளர் ஹன்ட் ஆல்காட்டின் ஆய்வில் சராசரியாகக் குறைந்தது 2 சதவீதம். நிறுவனத்துக்கு அது பெரிய லாபம், ஒரு வீட்டுக்கு 380-ல் எட்டு யூனிட். அதற்கும் முன்னால், அதே மாநிலத்தின் சான் மார்கோஸ் ஊரில் செய்து 2007-ல் வெளியான ஆய்வில், சராசரிக்குக் கீழே இருந்தவர்கள் அதைத் தெரிந்துகொண்டதும் செலவைக் கூட்டினார்கள். சராசரியோடு ஒரு சிரித்த முகத்தையும் போட்டு அனுப்பிய வீடுகளில் அந்த ஏற்றம் வரவில்லை. உங்கள் தாளில் பச்சை நிறம் அந்த வேலையைச் செய்யும், சிவப்பு நிறமும் பெயரும் மனஸ்தாபத்தைத்தான் வளர்க்கும்.

தாளை நிறுத்தச் சொல்ல வேண்டாம், திருத்தச் சொல்லுங்கள். பெயருக்குப் பதில் ஒவ்வொரு வீட்டுக்கும் அவரவருக்கு மட்டும் தெரிந்த ஒரு எண். யூனிட்டை ரீடிங் எடுத்த நாட்களால் வகுத்து "ஒரு நாளைக்கு இத்தனை" என்று போடட்டும், 58 நாளும் 66 நாளும் ஒன்றல்ல. சொந்தப் போர் உள்ள வீடுகள் தனி வரிசை. ஆள் எண்ணிக்கை ஒரு கட்டம். எல்லாவற்றையும் விட, அதே வீட்டின் போன வருட இதே பருவத்துக் கணக்கு ஒரு கட்டம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆடியையும் சித்திரை வெயிலையும் அடுத்தடுத்து வைத்து "குறைத்துவிட்டோம்" என்று மகிழ்வதில் பொருளில்லை. உங்கள் பழைய கணக்கு வெள்ளை அட்டையில் இருக்கும், வாரியத்தின் இணையதளத்தில் சர்வீஸ் எண்ணைப் போட்டும் எடுக்கலாம். எந்தப் பில்லிலிருந்து ஏறியது என்று பாருங்கள். மோட்டார் நேரம் கூடிய மாதமும் அதுவும் ஒன்றாக இருக்கும் என்பது என் ஊகம்.

கடைசியாக ஏசி. போரைச் சரிசெய்தால் 85, இரண்டு விசிறியில் 65, ஆக 640 என்பது 490 ஆகிவிடும். பில் 1,742 ரூபாய். இன்வெர்ட்டரிலோ நியூட்ரலிலோ ஏதாவது அகப்பட்டால் இன்னும் இறங்கும். இதில் ஏசியைத் தொடவே இல்லை. 74 வயதில் வைகாசி இரவைப் புழுக்கத்தில் கழிக்கச் சொல்ல வேண்டியதில்லை. 22-ல் வைத்திருந்தால் 26-க்கு மாற்றி, புது விசிறியை இரண்டில் ஓட விடுங்கள். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. உள்ளே இருக்கும் வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள், வெளி யூனிட்டின் முன்னால் துணி காயப்போடாதீர்கள். உங்களுடையது இன்வெர்ட்டர் வகை ஏசியாக இருந்தால், ஒரு டன் ஏசி இப்படி ஏழு மணி நேரம் ஓடினால் மூன்று யூனிட் சுற்றுவட்டத்தில் நிற்கும்.